தாம்பரத்தில் எடுத்த நாலாவது ஆள்

தை மாதம் ஒரு புதன்கிழமை, காலை ஆறு மணிக்குக் கடலூரிலிருந்து ரயில் ஏறினோம். நானும் என் சிநேகிதி குப்பம்மாளும். எனக்கு எழுத்து கொஞ்சந்தான். என் பிள்ளைகள் பாடம் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டே கற்றது. ஆனாலும் எங்கள் தெருவில் பட்டணம் பார்க்காத பெண்கள் நிறையப் பேர். அவர்கள் ஒவ்வொருத்தியாக வந்து கேட்கிறார்கள்; நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன். அதனால்தான் எழுதுகிறேன்.

குப்பம்மாளின் மகள் செங்கமலம் பட்டணத்தில் மாம்பலத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஏழு மாதம் கர்ப்பம். அவளைத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அழைத்து வரத்தான் இந்தப் பயணம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு குழந்தை எங்கள் ஊரிலே பிறந்து, அழாமலே போய்விட்டது. தங்காத பிள்ளையைக் கணக்கில் வைப்பதில்லை. ஆகவே இதுவும் தலைப்பிரசவம்தான், தாய்வீட்டுக்குத்தான் உரிமை. குப்பம்மாளின் வீட்டுக்காரர் ஸ்டேஷன் வரைக்கும் வந்து, "பொண்ணோடதான் வண்டியிலேருந்து எறங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரசவம் பார்ப்பது என் தொழில் அல்ல. ஆனால் எங்கள் தெருவில் ஒருத்திக்கு வலி கண்டால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷமாக அப்படி. நான் இருந்தால் பெற்றவளுக்குத் தைரியம் என்பார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு. இல்லை என்று சொல்லமாட்டேன்.

மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஆளுக்கு இரண்டரை ரூபாய். தூரம் நூற்றிருபத்தைந்து மைல் என்று பெட்டியில் ஒருவர் சொன்னார். விழுப்புரம் வருவதற்குள் புளிச்சோற்று மூட்டையைக் குப்பம்மாள் அவிழ்த்துவிட்டாள்.

"என்னாடி, பொழுதே இன்னும் சரியா விடியல. அதுக்குள்ள பசியா?" என்றேன்.

"எனக்குப் பயம் வந்தா பசிக்கும். உனக்குத் தெரியாதா அஞ்சல?"

தெரியும். பன்னிரண்டு வயதில் அவளைப் பெண் பார்க்க வந்தபோது, சமையலறையில் ஒளிந்துகொண்டு ஒரு தட்டு அதிரசத்தையும் தின்று தீர்த்தவள் அவள். வெளியே அவளுக்குப் பதில் பொய் சொல்லிக்கொண்டு நின்றவள் நான்.

பகல் பன்னிரண்டரைக்குத் தாம்பரம். இங்கே இறங்கி மின்சார ரயிலுக்கு மாற வேண்டும். மாப்பிள்ளை முனுசாமி எங்களுக்காகக் காத்திருந்தார். அவருக்கு அந்த மின்சார ரயில் பட்டறையிலேதான் ஃபிட்டர் வேலை. காக்கிச் சட்டை, கையில் எண்ணெய்க் கறை, முகத்தில் நல்ல சிரிப்பு. மூட்டைகளை அவரே வாங்கிக்கொண்டார்.

நாலடி நடந்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் இப்போது மூன்று பேர்! நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போய் ஒரு வீட்டுப் படி ஏறக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஏறினால் காரியம் கூடாது. இரண்டு பேர் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினோமே தவிர, மாப்பிள்ளை வந்து சேருவார் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். வேறு வழியில்லாமல் மூன்று பேர் போக நேர்ந்தால் ஒரு கல்லை நாலாவது ஆளாக எடுத்துக்கொள்வது உண்டு. தண்டவாளத்து ஓரத்தில் குனிந்து, எலுமிச்சம்பழ அளவு ஒரு கருங்கல் ஜல்லியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மாப்பிள்ளை பார்த்துவிட்டார். "பெரியத்தே, அது ரயில்வே சொத்து. எடுத்தா என் வேலைக்கு இல்ல ஒல வெப்பாங்க!"

"வேலை போனா கடலூருக்கு வந்துடுங்க. கல்லு ஒடைக்கலாம்" என்றேன்.

"இந்தக் கல்லுக்கு டிக்கெட்டு எடுக்கணுமா, வாணாமா?"

"மடியில இருக்கற கொழந்தைக்கு டிக்கெட்டு கேப்பாங்களா?"

குப்பம்மாள் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

மின்சார ரயிலைப் பற்றி எப்படிச் சொல்வது? புகை இல்லை, கரி இல்லை, கண்ணில் தூசி விழவில்லை. வண்டியின் தலைமேல் ஓர் இரும்புக் கை. அது மேலே ஓடுகிற கம்பியைத் தடவிக்கொண்டே வருகிறது. விசில் ஊதியதும் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. பல்லாவரம், மீனம்பாக்கம், பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை என்று ஸ்டேஷன்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் ஒன்று. எதிரே ஒரு பெண் புத்தகப் பையோடு தனியாக உட்கார்ந்திருந்தாள், பதினைந்து வயதிருக்கும். பயம் இல்லையா என்று கேட்டேன். "தெனம் போற ரயில்தானே பாட்டி?" என்றாள். பாட்டி என்றதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மற்றபடி நல்ல பெண்.

ஒன்றரை மணிக்கு மாம்பலம். கிழக்குப் பக்கம் இறங்கினால் தியாகராய நகர். பெரிய ஏரி இருந்த இடத்தைத் தூர்த்து, கயிறு பிடித்தாற்போல் தெருக்கள் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்த் தேர் நாலு, ஒன்றையொன்று இடிக்காமல் போகலாம், அவ்வளவு அகலம். நடுவில் ஒரு பூங்கா. அதைச் சுற்றி வீடுகள் கொஞ்சம், வெறும் மனைகள் கொஞ்சம். தெருவோரம் நட்ட மரக்கன்றுகளுக்கு மூங்கில் கூடு கட்டியிருக்கிறார்கள். விளக்குக் கம்பம் ஒவ்வொன்றிலும் மின்சார விளக்கு.

தெருமுனையில் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். சம்பந்தியம்மாள், செங்கமலத்தின் மாமியார். சண்டைக்குத்தான் காத்திருக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். கிட்டப் போனதும், "வாங்க, வாங்க. நீங்க ரெண்டு பேரு, முனுசாமி ஒருத்தன், மூணாச்சேன்னு காலைலேர்ந்து மனசு கேக்கல. அதான் நாலாவதா நானே வந்து நின்னேன். எல்லாரும் சேந்தே உள்ள போயிடலாம்" என்றார்.

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மா, பெரியத்தே முந்தானையில ஏற்கனவே ஒரு ஆளு கீது!"

முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். சம்பந்தியம்மாள் கல்லை வாங்கிப் பார்த்தார். "அஞ்சும் நல்ல கணக்குதான்" என்று சொல்லி, வாசற்படி ஓரத்தில் அதை மரியாதையாக வைத்தார். இந்த அம்மாளிடம் குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று கடலூரிலிருந்தே தயாராக வந்தவள் நான். முதல் அடியிலேயே தோற்றுப்போனேன்.

ஒரே முற்றத்தைச் சுற்றி மூன்று குடித்தனம் உள்ள வீடு அது. முற்றத்தில் குழாய். திருகினால் தண்ணீர் வருகிறது, மூடினால் நிற்கிறது. குப்பம்மாள் இரண்டு மூன்று தடவை திருகிப் பார்த்தாள்.

"மழை வந்தா பாருங்க. இந்த எடம் இன்னும் தன்னை ஏரின்னுதான் நெனச்சிக்கினு கீது. முத்தத்துல மீன் புடிக்கலாம்" என்றார் சம்பந்தியம்மாள்.

செங்கமலம் வந்து என் காலைத் தொட்டாள். முகம் உப்பியிருந்தது. கால் இரண்டும் தூண் மாதிரி. "தண்ணி கோத்த காலு. நல்ல புள்ள பொறக்கும்" என்று என் வாய் தானாகச் சொன்னது. எப்போதும் சொல்வதுதான். சொல்லிக்கொண்டே கணுக்காலை விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, நிரம்பவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். போன தடவையும் நான் இப்படித்தான் அழுத்தினேன், இதையேதான் சொன்னேன். விரலை எடுத்துக்கொண்டேன்.

சாப்பாடு ஆனதும் சம்பந்தியம்மாள் மெதுவாகச் சொன்னார்: "பொண்ண அனுப்பமாட்டேன்னு சொல்லல. நாளைக்கு மயிலாப்பூர்ல டாக்டரம்மாவைப் பாப்போம். ரயில்ல போலாம்னு அவங்க சொன்னா நானே வந்து ஏத்தி வுடறேன்."

குப்பம்மாள் என்னைப் பார்த்தாள். சரி என்று தலையசைத்தேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜட்கா வந்தது. மயிலாப்பூருக்கு மூன்று மைல், போக வர எட்டணா. செங்கமலம், குப்பம்மாள், சம்பந்தியம்மாள், நான். வண்டிக்காரர் ஒரு சாயபு, வெள்ளைத் தாடி.

"நாலு பேரா? இன்னாமா, என் குதிரை பாவம் இல்லியா?" என்று ஆரம்பித்தவர், செங்கமலத்தைப் பார்த்ததும் வைக்கோலை இன்னும் ஒரு கட்டுப் பிரித்து மெத்தை போல் பரப்பினார். "நீ குந்து தாயி. என் பொண்ணுக்கும் இதே மாசம்தான். தண்ணி தளும்பாம இட்டுக்கினு போறேன்" என்றார். சொன்னபடியே செய்தார். தேனாம்பேட்டைத் தோட்டங்கள் ஓரமாக நடை வேகத்தில் போய், பள்ளம் வந்தால் இறங்கிக் குதிரையைக் கையில் பிடித்து நடத்தினார். பின்னால் வந்த மோட்டார்க்காரன் ஊதோ ஊது என்று ஊதினான். "இன்னா நைனா, பறந்து போயேன்! ரெக்க இல்லியா?" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னார்.

மயிலாப்பூர்க் கோபுரத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. பார்த்தால்தான் உண்டு. குளம் எங்கள் திருப்பாதிரிப்புலியூர்க் குளத்தைப்போல் இரண்டு மூன்று இருக்கும். தைப்பூசத் தெப்பத்துக்காகத் தண்ணீரில் பீப்பாய்களை நிறுத்தி மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாட வீதியில் பூக்காரிகள் வரிசை. மல்லிகை, கதம்பம், மரிக்கொழுந்து எல்லாம் கலந்து ஒரு வாசனை. குளக்கரையில் ஒரு மாமி இன்னொரு மாமியிடம், "நேத்திக்கு எங்காத்துல காப்பிப்பொடியே இல்லை, கடன் கேட்டுண்டு உங்காத்துக்குத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டு போனாள். அந்தப் பேச்சின் ராகத்தைக் கேட்டுக் குப்பம்மாள் அதே மாதிரி சொல்லிப் பார்த்தாள். வரவில்லை.

டாக்டரம்மாளின் வீடு லஸ் பக்கம் ஒரு சந்தில். முன்னறையில் பெஞ்சு, உள்ளே கட்டில், எல்லாம் வெள்ளை. அந்த அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும், தெற்கத்திப் பேச்சு. செங்கமலத்தின் கையில் பட்டையைக் கட்டிக் காற்றை அடித்துப் பார்த்தார். காலை அழுத்திப் பார்த்தார். சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்கில் காட்டினார். அது முட்டை வெள்ளையைக் காய்ச்சினாற்போல் வெளுத்துத் திரண்டது. முப்பது வருஷத்தில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"போன தடவையும் கால் இப்படித்தான் வீங்குச்சா?" என்று கேட்டார்.

செங்கமலம் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். என்னைக் காட்டிக்கொடுக்க அந்தப் பெண்ணுக்கு மனம் வரவில்லை.

"வீங்கிச்சு. நாந்தான் கூட இருந்தேன். தலைவலின்னா. கண்ணு மங்குதுன்னா. பத்து போட்டேன்" என்றேன்.

டாக்டரம்மாள் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். "இது நோவுன்னு உங்களுக்கு யாரும் சொல்லித் தரலை, இல்லையா? எங்களுக்குச் சொல்லித் தந்தாக" என்றார். பிறகு குப்பம்மாளிடம் திரும்பி, உப்பில்லாப் பத்தியம், படுக்கை, வாரம் ஒரு தடவை தன்னிடம் வர வேண்டும், ரயில் கூடவே கூடாது, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் குப்பம்மாள் வெற்றிலைகூடப் போடவில்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் அடையாற்றுக்குப் போய்விட்டு வரச் சொன்னார் சம்பந்தியம்மாள். நாங்கள் தனியாகப் பேசிக்கொள்ளட்டும் என்று அனுப்பினார் என்பது எனக்குப் புரிந்தது. மயிலாப்பூர் போய்ப் பஸ் மாறினோம், ஆளுக்கு ஓரணா. அடையாற்றுப் பாலத்தின் மேல் போகும்போது, இடது பக்கம் ஆறு கடலில் சேருகிற இடம் தெரிகிறது. நடுவில் சின்னத் தீவுகள், அவற்றில் கொக்குகள். பாலத்தடியில் ஒரு மீன்காரம்மா இறால் கூறு கட்டி வைத்திருந்தாள்.

"கடலூர் இறாலுக்கு இது ஒறை போடக் காணாது" என்றேன்.

"அப்பிடியா? அப்போ கடலூருக்கே நடந்து போய் வாங்கிக்கினு வா. வர்ற வரிக்கும் நான் இங்கியே குந்திக்கினு இருக்கறேன்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. மூன்றணாவுக்கு இரண்டு கூறு வாங்கிக்கொண்டேன்.

ஆற்றைத் தாண்டி ஒரு தோட்டத்தில் பெரிய ஆலமரம் இருக்கிறது. விழுது ஒவ்வொன்றும் இன்னொரு மரமாகிவிட்டது. எது தாய் என்று தேட வேண்டியிருக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு வந்த ஜனம் முழுக்க அடியில் உட்காரலாம். நாங்கள் ஒரு விழுதில் சாய்ந்து உட்கார்ந்தோம். மணி பதினொன்று இருக்கும்.

"டாக்டர் சொன்னா சொல்லிட்டுப் போறா. நீ சொல்லுடி. நீ கூட்டிப் போலாம்னா கூட்டிப் போறேன். வெறுங்கையோட போய் எறங்கினா எங்க வீட்டுக்காரரு மூஞ்சில எப்பிடி முழிப்பேன்? பெத்த பொண்ணுக்குப் பிரசவம் பாக்க வக்கில்லன்னு தெருவே சிரிக்காதா?" என்றாள்.

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐம்பது வருஷமாக அவள் என் பேச்சைத் தட்டியதில்லை. எனக்கும் அந்தப் பெண்ணை ஊருக்குக் கொண்டுபோய், இந்தத் தடவை நல்லபடியாகப் பெற வைத்து, தெரு முழுக்க மிட்டாய் கொடுக்க ஆசைதான். ஆனால் கண்ணாடிக் குழாயில் திரண்டது கண்ணுக்குள்ளேயே நின்றது.

"வாணாம் குப்பு. அன்னிக்கு அந்த வீக்கத்தைப் பாத்து நல்லதுன்னு சொன்னது இந்த வாய்தாண்டி. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். இந்தத் தடவ என் கைய நம்பாத" என்றேன்.

அவள் வெகுநேரம் விழுதைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "உன்னால ஆச்சுன்னு எனக்கு அன்னிக்கே மனசுல பட்டுதுடி. ஒரு நாளாச்சும் கேட்டனா?" என்றாள்.

கேட்டதில்லை. இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றாடம் என் வீட்டுக்கு வந்து, குழம்பு வாங்கிக்கொண்டு போனாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்ப்பது போல் இருந்தேன். அங்கேயிருந்து கடல் தெரியாது.

அவளே எழுந்து மண்ணைத் தட்டினாள். "எறாலு நாறிடும். வா."

வீட்டுக்கு வந்து, தானும் மகளோடு தங்கிவிடுவதாகச் சம்பந்தியம்மாளிடம் சொன்னாள். சொல்லும்போதே கூசினாள். மாதக்கணக்கில் சம்பந்தி வீட்டுச் சோறு தின்பது எங்களில் பெரிய குறை. சம்பந்தியம்மாள் இறாலை உரித்துக்கொண்டே கேட்டார். பிறகு முற்றத்துக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தக் குடித்தனம் ரெண்டு மாசமா காலியாக் கீது. வாடகைக்குப் புடிங்க. அது உங்க வூடு. அங்க உங்க அடுப்பு, உங்க சோறு. நாளைக்கு நல்ல நேரம் பாத்து, சீர்த்தட்டு வெச்சி, என் வூட்லேர்ந்து உங்க பொண்ண மொறையாக் கூட்டிக்கினு போங்க. தாய் வூட்டுக்கு அனுப்ப மாட்டேன்னு நானா சொன்னேன்?"

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அப்படியே செய்தோம். வெற்றிலை, பூ, பழம், வளையல், மஞ்சள் என்று ஐந்து தட்டு. செங்கமலத்துக்குப் புதுச் சேலை. மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டார். சம்பந்தியம்மாள் அனுப்புகிறவர், கூட வரக்கூடாது. ஆக, அந்தக் குடித்தனத்துப் படி ஏறப் போவது குப்பம்மாள், செங்கமலம், நான். மூன்று பேர்.

"இருங்க, இருங்க!" என்று ஓடிப்போய் வாசற்படியிலிருந்த கல்லை எடுத்து முடிந்துகொண்டேன். முற்றத்தை எட்டு எட்டில் கடந்தோம். அவ்வளவு ரயில் ஏறி வந்து, பெண்ணை எட்டு எட்டுத் தூரம் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனோம். குழாயடியில் நின்ற பக்கத்துக் குடித்தனக்காரி குலவையிட்டாள். கல்லை இந்த வாசற்படி ஓரத்தில் வைத்தேன். குப்பம்மாள் அழுதாள், உடனே பசிக்கிறது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் திரும்பினேன். குப்பம்மாளின் வீட்டுக்காரரிடம் நானே போய், டாக்டரம்மாளின் கண்ணாடிக் குழாயில் பார்த்ததையும் சொன்னேன், போன தடவை நான் செய்த தப்பையும் சொன்னேன். மனிதர் மறுநாள் அரிசி மூட்டை ஒன்றைப் பட்டணத்துக்கு ரயிலில் போட்டார்.

பட்டணம் எப்படி என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர் இறால் நன்றாக இருக்கும், எங்கள் ஊர்க் காற்றும் நன்றாக இருக்கும். ஆனால் அங்கே தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. சின்னப் பெண்கள் தனியாக ரயில் ஏறுகிறார்கள். ஒரு பெண்பிள்ளை விளக்கில் ஒரு குழாயைக் காட்டி, நான் முப்பது வருஷமாகத் தெரிந்துகொள்ளாததைத் தெரிந்துகொள்கிறாள். எங்கள் ஊருக்கும் அது வர வேண்டும். இப்போது எங்கள் தெருவில் யாருக்குக் கால் வீங்கினாலும், நான் நல்லது என்று சொல்வதில்லை; ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டச் சொல்கிறேன்.

ஆனி மாதம் ஒரு பகல் வண்டிக்குக் கடலூர் ஸ்டேஷனில் போய் நின்றேன். பெட்டியிலிருந்து முதலில் மாப்பிள்ளை இறங்கினார். அப்புறம் குப்பம்மாள். அப்புறம் செங்கமலம், கால் மெலிந்து பழையபடி. அவள் தோளில் துணியில் சுற்றின பெண் குழந்தை. என் வாய் தானாக எண்ணியது. நாலு.

"பெரியம்மா, உங்க கல்ல எடுத்துட்டு வரல. வாசப்படியிலியே வுட்டுட்டேன்" என்றாள் செங்கமலம்.

"இருக்கட்டும். அது பட்டணத்துக்காரி ஆயிடுச்சி."

குழந்தையை நான் கேட்கவில்லை. குப்பம்மாளே மகளிடமிருந்து வாங்கி என் கைகளில் வைத்தாள். "புடிடி" என்றாள். வெயில் கண்ணில் பட்டதும் அது ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கும்படி அழுதது. நல்ல கனம்.